கடைசி வரிசைக்குக் கேட்குதா? கல்லூரி நாடகக் கேள்வி பதில்

மாசி, பங்குனியில் கல்லூரி ஆண்டு விழாக்கள். அதற்கான கடிதங்கள் தை மாதமே வரத் தொடங்கிவிடுகின்றன. இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து. நடிப்பு பற்றிக் கேட்டவர்களைவிட வயர், திரைத்துணி, பஸ் நேரம் பற்றிக் கேட்டவர்களே அதிகம். அதில் தப்பில்லை. கல்லூரி நாடகங்கள் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் கவிழ்கின்றன.

அண்ணாச்சி, ஒத்திகையில எல்லாம் நல்லாத்தான் இருக்கு. விழா அன்னைக்கு ஹால் நிரம்பினதும் பின்னால இருக்கவன் "கேக்கலை, கேக்கலை"ன்னு சத்தம் போடுதான். கத்திப் பேசியும் எடுபடலை. ஆளுக்கு ஒரு காலர் மைக் வாடகைக்கு எடுத்திரலாமா?
*மாணவர், பேட்டை*

எடுக்க வேண்டாம் தம்பி. முதலில் காரணத்தைப் பாருங்கள். காலி ஹாலில் சுவரும் தரையும் உங்கள் குரலைத் திருப்பி அனுப்பி உதவி செய்கின்றன. ஐந்நூறு பேர் உட்கார்ந்ததும் உடலும் உடையும் அந்தச் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதோடு மின்விசிறி இரைச்சல், கூட்டத்தின் பேச்சு. ஒத்திகையில் இந்த மூன்றுமே கிடையாது.

கத்தினால் ஏன் எடுபடவில்லை? கத்தும்போது தொண்டை இறுகி உயிரெழுத்து நீள்கிறது, மெய்யெழுத்து மழுங்குகிறது. ஏதோ சத்தம் வருவது தெரியும், சொல் புரியாது. தமிழில் இன்னொரு சிக்கல், வினை வாக்கியத்தின் கடைசியில் வருவது. "நான் நாளைக்கு உங்க வீட்டுக்கு வர" வரைக்கும் நன்றாகக் கேட்கும். "மாட்டேன்" என்னும்போது மூச்சுத் தீர்ந்து குரல் இறங்கிவிடும். வருகிறானா இல்லையா என்பதே கடைசி வரிசைக்குத் தெரியாது.

சோதித்துப் பாருங்கள். பிரதியோடு ஒருவரைக் கடைசி வரிசையில், மேடைக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். கேட்காத சொல்லுக்கெல்லாம் அவர் பென்சிலால் கோடு போடட்டும். கோடுகளில் பெரும்பாலானவை வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான் விழுந்திருக்கும். நீளமான வசனங்களில் எங்கே மூச்சு எடுப்பது என்று சாய்கோடு போட்டுக்கொண்டு, கடைசிச் சொல்லுக்கென்று மூச்சை மிச்சம் வைக்கப் பழகுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும். மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு கனமான புத்தகத்தை வையுங்கள். மூச்சு இழுக்கையில் புத்தகம் உயர வேண்டும், நெஞ்சு உயரக் கூடாது. பிறகு 'ஸ்' என்று சீராக விடுங்கள். 15 விநாடியில் தொடங்கி 30 வரை கொண்டுபோகலாம். அடுத்து வாயை மூடி 'ம்' என்று ரீங்காரம். உதடும் மூக்கும் அதிர்ந்தால் சரி, தொண்டை மட்டும் அதிர்ந்தால் சரியில்லை.

நிற்கிற விதமும் முக்கியம். எதிரில் நிற்பவரை முழுக்கத் திரும்பிப் பார்த்துப் பேசினால் பாதிக் குரல் மேடையின் பக்கவாட்டுக்குப் போய்விடும். இருவரும் பாதி அளவு கூட்டத்தின் பக்கம் திரும்பி நில்லுங்கள்.

மைக் கட்டாயம் வேண்டும் என்றால் மேடை விளிம்பில் இரண்டு, மிஞ்சினால் மூன்று. எட்டுப் பேருக்கு எட்டுக் காலர் மைக் என்றால் எட்டு பேட்டரி, எட்டு அலைவரிசை, சேலை உரசுகிற சத்தம் எட்டு. கட்டிப்பிடிக்கும் காட்சி வந்தால் ஸ்பீக்கரில் இடிதான். திறந்திருக்கும் மைக் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், மைக் கூவாமல் ஏற்றக்கூடிய சத்தம் 3 டெசிபல் குறையும். ஸ்பீக்கர்கள் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும். மேடை மேலுள்ள மின்விசிறிகளை அணைத்துவிட்டு, கூட்டத்துக்கு மேலுள்ளவற்றை ரெகுலேட்டரில் இரண்டில் வையுங்கள். பங்குனி வெயிலில் திட்டுவார்கள்தான். வசனம் காதில் விழுந்தால் மறந்துவிடுவார்கள்.

எங்கள் கல்லூரியில் முதல் முறையாக அரை மணி நேர நாடகம். ஏழு பேர். எட்டு வாரம் இருக்கிறது. மாலை 4 மணிக்கு வகுப்பு முடியும், 5.45க்குப் பாபநாசம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் மூன்று பேர். நேரத்தை எப்படிப் பிரிப்பது?
*மாணவி, அம்பாசமுத்திரம்*

முதலில் இது அரை மணி நேர நாடகம்தானா என்று பாருங்கள். எல்லோரும் உட்கார்ந்து, கடிகாரம் வைத்து வாய்விட்டு வாசியுங்கள். வருகிற நேரத்தோடு நடை, மௌனம், சிரிப்புக்காகக் கால் பங்கு கூட்டுங்கள். 40 நிமிடம் வந்தால் இப்போதே வெட்டுங்கள். ஆறாம் வாரத்தில் வெட்டினால், மனப்பாடம் செய்த வசனம் போச்சே என்று ஆள் ஆளுக்கு முகம் தூக்குவார்கள்.

மேடையில் ஒரு நிமிடத்துக்கு ஒரு மணி நேரம் ஒத்திகை என்பது பொதுவான கணக்கு. புதியவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். எட்டு வாரத்தில் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு ஒரு வாரம் போகும். மிச்சம் ஏழு. வாரம் நான்கு நாள், நாளுக்கு ஒன்றரை மணி என்றால் 42 மணி நேரம். போதும்.

முதல் வாரம் வாசிப்பு மட்டும். யாரும் எழுந்து நடிக்க வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் யார் எங்கிருந்து வருகிறார், எங்கே நிற்கிறார், எப்போது நகர்கிறார் என்பதை முடிவு செய்யுங்கள். வகுப்பறையில்தான் ஒத்திகை என்றால் உண்மையான மேடையை டேப்பால் அளந்து, அதே அளவைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரையுங்கள். இதைச் செய்யாத குழு மேடையேறிய அன்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ளும், அல்லது ஊருக்கு ஒருவராய் நிற்கும். நகர்வுகளைக் குறிக்க ஒரு தாய்ப்பிரதி இருக்கட்டும். ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் வெற்றுத்தாள், பென்சில் எழுத்து. பேனா வேண்டாம், எல்லாம் மாறும்.

நான்காம் வார முடிவில் கையில் பிரதி இருக்கக் கூடாது. மறந்தால் "வரி" என்று கேட்கட்டும். ஒருவர் எடுத்துக் கொடுப்பார். "ஐயோ மறந்துட்டேன்" என்று சிரிக்கிற பழக்கத்தை வளரவிட்டால் அதுவே மேடைக்கும் வரும். ஐந்தாம் வாரத்திலிருந்து உண்மையான பொருட்கள்: குடை என்றால் குடை, தண்ணீருள்ள செம்பு என்றால் தண்ணீருள்ள செம்பு. ஏழாம் வாரத்தில் இரண்டு நாள் மேடை, விளக்கு, ஒலி. அதன் பிறகு உடையோடு ஒரு முழு ஓட்டம். அந்த வாரத்தில் இயக்குபவருக்குப் புது யோசனைகள் பொங்கும். கையைக் கட்டிப் போடுங்கள்.

எல்லாக் குழுவிலும் நடக்கிற தவறு ஒன்று. எப்போதும் முதல் காட்சியிலிருந்தே தொடங்குவார்கள். பஸ் நேரம் வந்ததும் கலைவார்கள். முதல் காட்சி முப்பது முறை ஓடியிருக்கும், கடைசிக் காட்சி ஐந்து முறை. வாரத்தில் இரண்டு நாள் கடைசிக் காட்சியிலிருந்து தொடங்குங்கள். பாபநாசம் பஸ்காரர்கள் வரும் காட்சிகளை 4.10க்கு வைத்து 5.25க்கு அனுப்பிவிடுங்கள். எந்த நாள் எந்தக் காட்சி, யார் தேவை என்ற பட்டியலைத் திங்கட்கிழமையே ஒட்டிவிட்டால், சும்மா உட்கார்ந்து செல்போன் பார்க்கிறவர்கள் இருக்க மாட்டார்கள்.

ஆயிரம் வாட் ஹாலஜன் நான்கு வாடகைக்குக் கிடைக்கிறது. போன வருடம் நாடகம் பாதியில் இருட்டாகிவிட்டது. இந்த வருடம் எப்படித் தவிர்ப்பது?
*நாடக மன்றத்தார், சங்கரன்கோவில்*

வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 1000 வாட் விளக்கு ஒன்று சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். சுவரிலுள்ள சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது. அதில் ஒன்று தாங்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இரண்டு மாட்டினால் 8.7. எம்.சி.பி. (சுமை கூடினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தால் அதிர்ஷ்டம், விழாவிட்டால் வயர் கருகும். பெரிய 16 ஆம்பியர் பிளக்கில் மூன்று தாங்கும். பிளக்குகள் தனித்தனியாகத் தெரிந்தாலும் பல நேரம் ஒரே வயரில், ஒரே எம்.சி.பி.யில் தொங்கிக்கொண்டிருக்கும். எது எதோடு சேர்ந்தது என்பதைக் கல்லூரி எலக்ட்ரீஷியனை நிற்க வைத்து, ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்குத் தனி லைன். சுருட்டி வைத்த கேபிளில் கனமான சுமை போனால் சூடேறி உருகும். முழுவதும் விரித்துப் போடுங்கள். நடக்கிற வழியில் கிடப்பதைத் துணி டேப்பால் ஒட்டுங்கள்.

வாடகைக்கு எல்.ஈ.டி. பார் (PAR) விளக்கு கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை. 3 வாட் பல்பு 54 கொண்டது 160 வாட் அளவில் முடிந்துவிடும். ஆனால் சிவப்பு, பச்சை, நீலம் மட்டும் கலந்து வெள்ளை வரவழைக்கும் வகையை முகத்துக்குப் போடாதீர்கள். நம் நிறத்துக்குச் சாம்பல் பூசியது போலத் தெரியும். வெள்ளை அல்லது வார்ம் ஒயிட் பல்பும் சேர்ந்ததாகக் கேளுங்கள்.

விளக்கு எங்கே என்பது எத்தனை என்பதைவிட முக்கியம். நடிகருக்கு நேர் மேலே வைத்தால் கண்குழி இருளும். நேர் எதிரே வைத்தால் முகம் தட்டையாகும். முன்பக்கம் இடமும் வலமும், சுமார் 45 டிகிரி உயரத்தில் ஒரு ஜோடி. அந்த ஜோடி எட்டிலிருந்து பத்தடி அகலத்தை நன்றாகக் காட்டும். முப்பதடி மேடையை உங்கள் நான்கு விளக்கால் நிரப்ப முயலாமல், நடுவில் இருபதடியில் நாடகத்தை வைத்துக்கொள்ளுங்கள். சோகம் என்றால் நீலம், கோபம் என்றால் சிவப்பு என்கிற வழக்கத்தைக் கல்யாண மேடைக்காரரிடமே விட்டுவிடலாம்.

நாங்கள் ஒரு சிறுகதையை நாடகமாக்குகிறோம். அனுமதி வாங்க வேண்டுமா? "காலேஜுக்குள்ளதானே, யார் கேக்கப் போறா" என்கிறார்கள்.
*மாணவர் பேரவை, பாளையங்கோட்டை*

எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. தூத்துக்குடி பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தவர். அவர் நாடகங்கள் பொதுச் சொத்து. புதுமைப்பித்தன் 1948; தாராளமாக எடுக்கலாம். பம்மல் சம்பந்த முதலியார் 1964. 2024 முடிவோடு அவர் உரிமைக் காலமும் தீர்ந்தது. கி. ராஜநாராயணன் 2021இல் மறைந்தவர். உரிமை வைத்திருப்பவர்களின் அனுமதி தேவை. ஷேக்ஸ்பியருக்கு உரிமை கிடையாது. ஆனால் நீங்கள் எடுத்த தமிழாக்கம் யாருடையது என்று பாருங்கள், மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை.

உரிமையுள்ள நாடகமானாலும், பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கல்விப் பணியின் பகுதியாக மாணவர்களும் ஆசிரியர்களும் நடித்து, பார்ப்பவர்கள் மாணவர், ஆசிரியர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் மட்டும் என்றால் அது மீறல் ஆகாது. டிக்கெட் போட்டு வெளியாட்களை அழைத்தால் அந்தச் சலுகை போய்விடும். முழு நாடகத்தை யூடியூபில் ஏற்றுவதும் இதில் அடங்காது. சிறுகதையை நாடகமாக மாற்றி எழுதுவது தனி உரிமை, அதற்குக் கேட்டே ஆக வேண்டும். ஒரு பக்கக் கடிதம் போதும்: கல்லூரிப் பெயர், நாள், எத்தனை காட்சி, கட்டணம் உண்டா, பதிவு செய்வீர்களா. இப்படித் தெளிவாக எழுதினால் பல எழுத்தாளர்கள் பணம் வாங்காமலே சம்மதிப்பார்கள். நாடகம் முடிந்த பின் கேள்விப்பட்டால்தான் வருத்தம்.

மனோன்மணீயத்தை இப்போது மேடையேற்ற முடியுமா?
*தமிழ்த்துறை மாணவி, அபிஷேகப்பட்டி*

உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கே பெயர் கொடுத்த நாடகம், கேள்வி வருவது நியாயம்தான். 1891இல் வெளிவந்த அந்தச் செய்யுள் நாடகம் 5 அங்கம், 20 களம். முழுவதையும் போட்டால் கூட்டம் எழுந்து போய்விடும். தொடர்ச்சி உள்ள மூன்று களங்களை எடுத்து, இடையிலுள்ளதை ஒரு கதைசொல்லி இரண்டு நிமிடத்தில் சொல்லட்டும். கெடுவது ஒப்பிக்கும்போதுதான். ஆசிரியப்பாவை அடிக்கு அடி நிறுத்தினால் மனப்பாடப் போட்டி ஆகிவிடும். பொருள் முடிகிற இடத்தில் நிறுத்துங்கள், அது அடியின் நடுவில் வந்தாலும் சரி. முதல் வாரம் ஒவ்வொரு பேச்சையும் நடிகரே தன் சொந்தத் தமிழில், திருநெல்வேலிப் பேச்சிலேயே சொல்லிப் பார்க்கட்டும். அதன் பிறகு செய்யுளுக்குப் போனால் எந்தச் சொல்லில் அழுத்தம் என்பது அவருக்கே தெரியும்.

எங்கள் நாடகத்தில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் சேர்க்க ஆசை. கல்லூரி மாணவர்களே கற்றுக்கொண்டு செய்யலாமா?
*மாணவர்கள், சேரன்மகாதேவி*

வில்லுப்பாட்டைச் செய்யலாம். ஐந்து பேர் போதும்: வீசுகோலோடு வில்லடிக்கும் புலவர், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. நாடகத்தில் கதைசொல்லிக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. அரங்கப்பொருள் வேண்டாம், உடை மாற்றம் வேண்டாம், காலம் இடம் எல்லாவற்றையும் இரண்டு அடியில் தாண்டலாம். ஆனால் வில்லுக்குழு உட்கார்ந்தே இருப்பது. மேடை நடுவில் வைத்தால் நாடகத்துக்கு இடம் இருக்காது. ஒரு முன்மூலையில், கொஞ்சம் உள்நோக்கித் திருப்பி உட்கார வையுங்கள். புலவருக்கு "ஆமா" போடுகிறவர் சோம்பினால் பாட்டு படுத்துவிடும். நல்ல தாளக்கட்டு உள்ளவரை அங்கே வையுங்கள், சும்மா இருப்பவரை அல்ல. குடம் மைக்குக்குப் பக்கத்தில் இருந்தால் பாட்டு கேட்காது. இரண்டடி தள்ளி வையுங்கள்.

கணியான் கூத்து வேறு. அண்ணாவி பாட, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆட, உச்சமும் மந்தமுமாக மகுடம் என்னும் தோல்கருவிகள் இரண்டு பேசிக்கொள்ளும். சுடலைமாடன் கோயில் கொடை விழாவோடு பிணைந்த சடங்கு அது. கைவெட்டு (கையைக் கீறி இரத்தம் படைப்பது) போன்ற பகுதிகளை மேடையில் 'எஃபெக்ட்' என்று வைப்பது தவறு. அந்தச் சமூகத்தாருக்கும் வலிக்கும், நாடகத்துக்கும் பொருத்தமில்லை. மகுடத்தின் தாளம் வேண்டும் என்றால் கலைஞர்களையே அழையுங்கள். சன்மானத்தை முன்கூட்டிப் பேசி, பயணம், சாப்பாட்டோடு கொடுங்கள். 'மாணவர்களுக்காக இலவசமாக' என்று கேட்காதீர்கள், அது அவர்கள் பிழைப்பு. கொடை மாதங்களில் தேதி கிடைக்காது. மகுடத்தைத் தீயில் காட்டித் தோலை இறுக்கித்தான் சுருதி சேர்ப்பார்கள். ஏ.சி. ஹாலில் சீக்கிரம் தளர்ந்துவிடும். வெளியே தீ மூட்ட ஓர் இடமும், மேடையேறக் கால் மணி நேரத்துக்கு முன் அதற்கு அவகாசமும் ஒதுக்குங்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையில் கேட்டால் இந்தக் கலைகளைப் பற்றி ஆழமாகச் சொல்வார்கள்.

ஆனி மாதம் திறந்தவெளி மேடையில் நாடகம் போட்டோம். பின்திரை பறந்து நடிகர் தலையில் விழுந்தது, மைக்கில் 'புஸ் புஸ்' என்று காற்றுதான். என்ன செய்திருக்க வேண்டும்?
*வாசகர், வள்ளியூர்*

காற்றாலைக்காரர்கள் தேடி வந்த ஊரில் ஆனி, ஆடியில் திரை கட்டினால் அது பாய்மரம்தான். ஒரே துணியாகக் கட்டாமல் மூன்றடி அகலப் பட்டைகளாக, நடுவே அரையடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். காற்று ஊடே போய்விடும். ஒவ்வொரு பட்டையின் அடியிலும் மடித்துத் தைத்து ஜி.ஐ. பைப் செருகுங்கள். கம்பங்களின் அடியில் மணல் மூட்டை, கம்பத்துக்கு இரண்டு கயிறு இழுத்துக் கட்டு. பாலித்தீன், சாட்டின் வேண்டாம். கறுப்புக் காடாத்துணி சத்தம் போடாது, ஒளியையும் பளபளக்க விடாது. உள்ளரங்கில் மடிப்போடு தொங்கவிட வேண்டும் என்றால் மேடை அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு துணி தேவை. 24 அடிக்கு 36 அடி.

காற்று மேற்கிலிருந்து வரும். மேடை கிழக்கு பார்த்திருந்தால் நடிகரின் முதுகுப்பக்கக் காற்று குரலைக் கூட்டத்திடம் கொண்டுபோகும். மேற்கு பார்த்திருந்தால் திருப்பி அடிக்கும். ஆனால் கிழக்கு பார்த்த மேடையில் சாயுங்கால வெயில் கூட்டத்தின் கண்ணில் விழும். ஏழு மணிக்கு முன் தொடங்காதீர்கள். மைக்குக்குத் தடித்த ஃபோம் உறை போடுங்கள். கைகுட்டையைச் சுற்றினால் காற்றுச் சத்தம் குறையாது, குரல்தான் மங்கும்.

ஐயா, என் மகள் நாடகத்தில் சேர்ந்திருக்கிறாள். ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிறாள். நடிப்பு வேண்டாம் என்று அவள் அப்பா சொல்கிறார். தடுப்பதா, விடுவதா?
*ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி*

அம்மா, நாடகத்தைத் தடுக்க வேண்டாம், ஏழு மணியைத் தடுக்கலாம். பொறுப்பாசிரியர் யார், எந்த அறையில் ஒத்திகை, எத்தனை மணிக்கு முடியும், உடன் வருகிற மாணவிகள் யார் என்று துறையிலிருந்து எழுத்தில் கேளுங்கள். ஒழுங்காக நடக்கிற குழு இதைக் கேட்காமலே தரும். தர முடியவில்லை என்றால் குறை குழுவிடம். அவள் அப்பாவை ஒரு நாள் ஒத்திகைக்குக் கூட்டிப் போங்கள். அரை மணி நேரம் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பார்த்தால், கெட்டுப்போவதற்கு அங்கே நேரமே இல்லை என்பது புரிந்துவிடும்.

அக்கா மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். 'கம்யூனிட்டி காலேஜில் தியேட்டர் படிக்கிறேன்' என்கிறான். இங்கே சமுதாயக் கல்லூரி என்றால் தையல், கம்ப்யூட்டர். அங்கே இது உருப்படியான படிப்பா?
*வாசகர், தென்காசி*

உருப்படியானதுதான். அங்கே அது இரண்டாண்டுக் கல்லூரி. அதை முடித்து நான்காண்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறலாம். கலிபோர்னியாவில் அப்படி மாறுவதற்கென்றே நாடகக்கலையில் ஒரு பட்டம் இருக்கிறது. மொத்தம் 60 செமஸ்டர் யூனிட், அதில் குறைந்தது 18 நாடகப் பாடங்கள். நாடக அறிமுகம், நடிப்பு, ஒளி, அரங்க அமைப்பு என்று போகும். ஒத்திகையும் அரங்கேற்றமும் தனிப் பாடமாகவே யூனிட் தரும். மேடைக்குப் பின்னால் ஆணி அடிப்பதும் பாடம்தான். மாணவர் விசாவில் இருந்தால் செமஸ்டருக்கு 12 யூனிட் குறையக் கூடாது. ஒத்திகைக்காகக் கணக்குப் பாடத்தை விட்டுவிட்டால் விசாவுக்கே சிக்கல், இதை மட்டும் அவனிடம் சொல்லி வையுங்கள். நடிகர் தேர்வில் பெரும்பாலும் ஓரிரு நிமிடத் தனிப்பேச்சு கேட்பார்கள். சிரிப்புக்கு ஒன்று, கனமானதற்கு ஒன்று தயாராக இருக்கட்டும். தமிழ் வாடை அடிக்கும் ஆங்கிலம் தடையில்லை, விழுங்கிப் பேசுவதுதான் தடை.

பி.ஏ. முடிக்கிறேன். நாடகத்தையே மேலே படிக்க எங்கே போகலாம்?
*மாணவர், நாங்குநேரி*

உங்கள் ஊர்க்காரர் சே. இராமானுஜம் டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்து, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தவர். தமிழ்ச் சூழலில் முதுகலை என்றால் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியை முதலில் பாருங்கள். மலையாளம் பிடிபடும் என்றால் செங்கோட்டை வழியே ஒரு ராத்திரிப் பயணத்தில் திருச்சூர் நாடகப் பள்ளி. ஜி. சங்கரப்பிள்ளை தொடங்கியது. தேசிய நாடகப் பள்ளிக்குப் பட்டம், வயது வரம்பு, ஆறு நாடகங்களாவது பங்கேற்ற சான்று, ஆங்கிலம், இந்தி பழக்கம் என்று கேட்பார்கள். அந்த ஆண்டு அறிவிப்பை வரி வரியாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். எங்கே போவதானாலும் இப்போதிருந்தே ஒவ்வொரு நாடகத்துக்கும் அழைப்பிதழ், நான்கைந்து புகைப்படம், உங்கள் பங்கு என்ன என்று துறைத்தலைவர் கையெழுத்திட்ட தாள் ஒன்று சேர்த்து வையுங்கள். மூன்று வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

பெண்கள் கல்லூரி. ஆண் வேடத்துக்கு ஒட்டும் மீசை வேர்வையில் பாதியில் விழுகிறது.
*மாணவி, தூத்துக்குடி*

முகப்பூச்சின் மேல் ஒட்டினால் விழத்தான் செய்யும். மேலுதட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து உலரவிட்டு, வெறும் தோலில் ஸ்பிரிட் கம் (ஒப்பனைப் பசை) தடவுங்கள். விரலில் இழுபடும் பதம் வரும்வரை பொறுத்து, க்ரேப் முடியை (ஒட்டு மீசைக்கான ஒப்பனை முடி) சிறு சிறு கற்றையாக ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒட்டி, ஈரத்துணியால் அழுத்துங்கள். மூக்குக்குக் கீழே நடுக்குழியை விட்டுவிடுங்கள். சிரித்தால் முதலில் கிளம்புவது அங்கேதான். முந்தின நாளே முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவிப் பாருங்கள், அரித்தால் மீசையை வரைந்துகொள்ளலாம். கழற்றத் தேங்காயெண்ணெய், பிய்க்காதீர்கள். செலவு மிச்சம் என்று நாட்டு மருந்துக் கடையில் அரிதாரம் வாங்கிக் குழைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அது ஆர்சனிக் சேர்ந்த கனிமம், முகத்துக்கு ஆகாது.

என்.எஸ்.எஸ். முகாமில் தெருநாடகம் போடப் போலீஸ் அனுமதி வேண்டுமா?
*மாணவர், திசையன்விளை*

நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டி ஒப்புதல் வாங்க வைத்த 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே பிரதிக்கு அனுமதி வேண்டாம். பொது இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும்தான் கேட்க வேண்டும். திட்ட அலுவலர் கையெழுத்தோடு காவல் நிலையத்துக்கும் ஊராட்சித் தலைவருக்கும் கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். தண்ணீர் வரும் நேரத்தில் குழாயடிப் பக்கம் தொடங்கினால் முதலில் கூட்டம் நிறைய இருக்கும், தண்ணீர் வந்ததும் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

மேடையில் சிரிப்பு வந்துவிட்டால்?
*மாணவர், மேலப்பாளையம்*

கூட்டத்துக்கு முதுகு காட்டி இரண்டடி நடங்கள், மூச்சை முழுக்க வெளியே விடுங்கள், எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் நெற்றியைப் பார்த்து அடுத்த வரியைச் சொல்லுங்கள். சிரிக்க வைத்தவரை இடைவேளையில் கவனித்துக்கொள்ளலாம்.